'பார்பேரியன்' என்னும் சொல்லும் அதன் உறவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய வரலாற்றையும் இலக்கியத்தையும் தமிழில் படிப்போருக்கும் மொழிபெயர்ப்போருக்கும், 'நாகரிகமற்றவன்' என்று இன்று பொருள்படும் 'பார்பேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் குடும்பத்தைப் பற்றி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. தமிழ் எழுத்தில் பகரம் ஒன்றே இரண்டு ஒலிகளுக்கு நிற்பதால், கீழே வரும் 'பார்பர்' போன்ற சொற்களில் உள்ள பகரங்களை 'பாபு' என்ற பெயரில் ஒலிப்பது போலத் தொண்டை அதிரப் படித்துக்கொள்ள வேண்டும். 'பால்' என்பதில் உள்ளது போலப் படிக்கலாகாது. சில விடைகளில் பொருளே இந்த ஒலியைப் பொறுத்திருக்கிறது.

ஐரோப்பிய மொழிகளில் உள்ள 'பார்பேரியன்' வகைச் சொற்களுக்கெல்லாம் வேர் இலத்தீன்தானா?

பெரும்பாலானவற்றுக்கு வழி இலத்தீன், வேர் கிரேக்கம். கிரேக்கத்தின் 'பார்பரோஸ்' இலத்தீனில் 'பார்பருஸ்' ஆயிற்று. அங்கிருந்தே பிரெஞ்சின் 'பார்பார்', இத்தாலியத்தின் 'பார்பரோ', ஸ்பானியத்தின் 'பார்பரோ', ஜெர்மானியத்தின் 'பர்பார்', ஆங்கிலத்தின் 'பார்பேரியன்' ஆகியவை கிளைத்தன. ஆகவே சில நூல்களில் இச்சொல்லை 'இலத்தீன் மூலம்' என்று மட்டும் குறித்து நிறுத்திவிடுவது பாதி உண்மையே. இதே பொருளில் வழங்கும் வேறு சில சொற்கள் (காட்டையும் நாட்டுப்புறத்தையும் அடிப்படையாகக் கொண்டவை) அசல் இலத்தீனில் பிறந்தவை. அவற்றைக் கீழே தனியாகப் பார்க்கலாம். இந்த இரு வகைகளுக்கும் உள்ள வேறுபாடுதான் இப்பொருளில் கவனிக்கத்தக்கது என்பது இதை எழுதுபவரின் கருத்து: கிரேக்கச் சொல் அயலானைக் காதால் அளந்தது, இலத்தீன் சொற்கள் அவன் குடியிருந்த இடத்தால் அளந்தன.

கிரேக்கத்தில் அச்சொல்லின் முதற்பொருள் என்ன?

அது ஒலிக்குறிப்புச் சொல். விளங்காத பேச்சு காதில் 'பர்-பர்' என்று விழுவதைப் போலச் செய்து உண்டாக்கியது. ஹோமரின் இலியட்டில் தனிச்சொல்லாக அது வரவில்லை. இரண்டாம் காண்டத்தில், திராய் நகரத்தார்க்குத் துணையாக வந்த காரியர் என்னும் சிற்றாசிய மக்களைக் குறிக்கையில், 'பார்பர் ஒலியினர்' எனப் பொருள்படும் தொகைச்சொல்லாக மட்டும் வருகிறது. இந்த ஓர் இடத்தைப் பற்றியே பழங்காலத்தில் நிறைய விவாதம் நடந்தது. ஹோமர் மற்றவர்களைப் பொதுவாக 'பார்பரோய்' என்று அழைக்காததற்குக் காரணம், அக்காலத்தில் கிரேக்கர்களுக்கே 'ஹெலனியர்' என்ற பொதுப்பெயர் உருவாகாமல் இருந்ததுதான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் கருதினார். நானூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ, தடித்தும் கரகரத்தும் பேசுவோரைக் குறிக்க ஒலியைப் பின்பற்றி உண்டான சொல்லே இது என்றும், பிறகு அது பிற மொழியினர் எல்லாருக்கும் பொதுப்பெயராக விரிந்தது என்றும் விளக்கினார். இன்றைய மொழியியலாளர் பெரும்பாலும் அவர் சொன்னதையே ஏற்கின்றனர்.

சமஸ்கிருதத்தில் 'பர்பர' என்ற சொல் திக்கிப் பேசுதலையும் அயலினத்தாரையும் குறிக்கிறது. இலத்தீனில் திக்குவாயனுக்கு 'பல்புஸ்' என்று பெயர். அதன் வழியில் வந்த இத்தாலியத்தின் 'பல்பெத்தாரே'யும் ஸ்பானியத்தின் 'பல்புசெயார்' என்பதும் இன்றும் மழலைப் பேச்சுக்கும் குழறலுக்கும் வழங்குகின்றன. இவையெல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள் என்று சாதிக்க வேண்டியதில்லை. உதடுகளைச் சேர்த்துத் திறக்கும் ஒலியை இரட்டித்தால் குழறல் போலத் தோன்றும்; அதை எந்த மொழியும் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அது எப்போது வசைச்சொல் ஆயிற்று?

கி.மு. 490 முதல் 479 வரை நடந்த பாரசீகப் போர்களே திருப்புமுனை எனலாம். அதற்குமுன் மொழியைக் குறித்த சொல், அதன்பின் ஒரு பேரரசையும் அதன் அரசமைப்பையும் அடிமைத்தனத்தையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கியது. ஆனாலும் மாற்றம் ஒரே சீராக நடக்கவில்லை. கி.மு. 472இல் ஏதென்ஸில் அரங்கேறிய எஸ்கிலஸின் 'பாரசீகர்' நாடகத்தில் பாரசீகப் பாத்திரங்களே தங்கள் படையைப் 'பார்பரர்' என்று சொல்லிக்கொள்கின்றன. அங்கே அதற்குக் 'கிரேக்கர் அல்லாதார்' என்பதே பொருள். ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றின் முதல் வாக்கியத்திலேயே, கிரேக்கரும் பார்பரரும் ஆற்றிய வியத்தகு செயல்கள் புகழ் மங்கிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுவதாகக் கூறுகிறார். எகிப்தியர் தங்கள் மொழியைப் பேசாத எல்லாரையும் பார்பரர் என்று அழைத்தனர் என்று அவரே வேறோரிடத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால், கிரேக்கரும் பிறர் பார்வையில் பார்பரரே என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

கடுமை இதற்குப் பின்னரே ஏறியது. கிரேக்கர் பார்பரரை ஆள்வதே தகும் என்ற யூரிப்பிடிஸின் நாடக வரியை அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலில் மேற்கோள் காட்டி, பார்பரரும் அடிமையும் இயல்பில் ஒன்றே என்ற முடிவுக்குப் போகிறார். அவருடைய ஆசிரியர் பிளேட்டோ இதற்கு நேர்மாறாக ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத, ஒரு மொழியும் பேசாத எண்ணற்ற மக்களைப் 'பார்பரர்' என்ற ஒரே பெயரால் கட்டி, மனித இனத்தை இரண்டே கூறாகப் பிரிப்பது முறையான பகுப்பா? பத்தாயிரத்தை மட்டும் தனியே எடுத்து, மீதியுள்ள எல்லா எண்களுக்கும் ஒரே பெயர் வைப்பதற்கு அதை ஒப்பிடுகிறார். மாணவர் இந்தப் பாடத்தைக் கேட்டிருந்தும் கொள்ளவில்லை போலும்.

ரோமர்கள் தங்களையே 'பார்பருஸ்' என்று சொல்லிக்கொண்டது உண்மையா?

உண்மை. கி.மு. 3ஆம், 2ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பிளாட்டஸ் கிரேக்க நகைச்சுவை நாடகங்களை இலத்தீனில் ஆக்கியவர். தம் நாடகமொன்றின் முன்னுரையில், மூலத்தை எழுதியவர் பிலேமோன் என்று கூறிவிட்டு, 'பிளாட்டஸ் அதைப் பார்பர மொழியில் பெயர்த்தான்' என்கிறார். பார்பர மொழி என்று அவர் சொல்வது இலத்தீனைத்தான். அதே பாணியில் இத்தாலிக்குப் 'பார்பரியா' என்று பெயர் வைத்தார். பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் ரோம அரசியலாளர் மூத்த கேட்டோ சிரிக்கவில்லை. கிரேக்கர்கள் நம்மையும் பார்பரர் என்று ஓயாமல் சொல்லிவருகிறார்கள் என்று தம் மகனுக்கு அவர் எழுதிய கசப்பான சொற்களைப் பிற்கால ரோம எழுத்தாளர் மூத்த பிளினி நமக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்.

மத்தியதரைக் கடல் முழுவதையும் ரோம் ஆண்ட பிறகு கணக்கு மாறியது. 'கிரேக்கரும் ரோமரும் ஒருபுறம், பார்பரர் மறுபுறம்' என்ற புதிய பகுப்பு வந்தது. அதற்கு முன் ரோமரிடம் அயலானுக்கு வேறு சொல் இருந்தது: 'ஹோஸ்டிஸ்'. நம் முன்னோர் அயலானை இப்படித்தான் அழைத்தனர், இன்று நாம் அவனைப் 'பெரெக்ரினுஸ்' என்கிறோம் என்று சிசரோ எழுதுகிறார். ஹோஸ்டிஸ் 'பகைவன்' என்று கடினப்பட்டுப்போக, பெரெக்ரினுஸ் ஊர் ஊராகச் செல்பவனாகி, பின்னாளில் ஆங்கிலத்தின் 'பில்கிரிம்' என்ற புனிதப் பயணியாக முடிந்தது. எல்லைக்கு அப்பாலுள்ளவனைச் சுட்ட மிஞ்சிய சொல் பார்பருஸ்தான். எல்லைக்கு வெளியே இருந்த நிலப்பரப்பையே பிற்கால ரோமர் 'பார்பரிக்கும்' என்று அழைத்தனர்.

இச்சொல்லின் பழைய பொருளை ஓர் இலத்தீன் கவிஞரே தம் வாழ்க்கையில் கண்டுகொண்டார். கி.பி. 8இல் அகஸ்டஸ் பேரரசர் ஓவிடைக் கருங்கடற்கரையின் தோமிஸ் நகருக்கு, அதாவது இன்றைய ருமேனியாவின் கொன்ஸ்டான்ட்சாவுக்கு நாடுகடத்தினார். இலத்தீன் அறியாத அந்த ஊரிலிருந்து அவர் எழுதிய வரியின் கருத்து இது: 'என் பேச்சு இங்கே யாருக்கும் விளங்காததால் இங்கே நானே பார்பரன்.' சில பத்தாண்டுகள் கழித்துப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில், பேசப்படும் மொழியின் பொருள் தெரியாவிட்டால் பேசுகிறவருக்கு நானும் எனக்கு அவரும் பார்பரராக இருப்போம் என்றார். ஒருவர் ரோமக் கவிஞர், மற்றவர் யூதத் திருத்தூதர்; இருவரும் அச்சொல்லை அதன் தொடக்கப் பொருளிலேயே எடுத்தாண்டனர்.

தாடி வைத்தவர் என்பதால்தான் இப்பெயர் வந்தது என்கிறார்களே?

தவறு. ஆனால் மிகப் பழைய தவறு. இலத்தீனில் தாடிக்குப் 'பார்பா' என்று பெயர் என்பதால் இந்த மயக்கம் இயல்பாகவே எழுந்தது. 6ஆம் நூற்றாண்டுக் கசியோடோரஸ், திருப்பாடல் விளக்கவுரையில், 'பார்பா' என்ற தாடியையும் 'ரூஸ்' என்ற நாட்டுப்புறத்தையும் ஒட்டி, நகரத்தில் குடியிராமல் விலங்கு போல வயல்வெளியில் வாழ்ந்தவன் என்பதால் பார்பருஸ் என்றார். படிக்கச் சுவையாக இருக்கிறது, சொற்பிறப்பாக நிற்காது. இலத்தீனின் பார்பா, ஆங்கிலத்தின் 'பியர்ட்', ரஷ்யத்தின் 'பொரொதா', லித்துவேனியத்தின் 'பார்ஸ்தா' ஆகியவை தாடியைக் குறிக்கும் வேறொரு தொல்வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகள். கிரேக்கத்தில் தாடிக்குப் 'போகோன்' என்று பெயர். பார்பரோஸ் என்ற சொல் உருவானபோது தாடியின் நினைவே அங்கு எழ வழியில்லை. மேலும் பழங்கிரேக்கர்களே தாடி வளர்த்தவர்கள்.

இதே காரணத்தால் ஜெர்மானியப் பேரரசர் முதலாம் பிரெடரிக்கின் 'பார்பரோசா' என்ற பட்டப்பெயருக்கும் நம் சொல்லுக்கும் உறவில்லை. அது 'பார்பா', 'ரோசா' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த 'செந்தாடி'. முடிதிருத்துநரைக் குறிக்கும் 'பார்பர்' என்ற ஆங்கிலச் சொல்லும், பார்படோஸ் தீவின் பெயரும் தாடிக் குடும்பத்தவையே.

'பார்பரா' என்ற பெண் பெயர்?

இது உறவுதான். இலத்தீனில் 'அயல்நாட்டுப் பெண்' என்று பொருள். டிசம்பர் 4 புனித பார்பராவின் திருநாளாக வழிவழியாகக் கொண்டாடப்படுகிறது. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரம் அவர் பெயரைத் தாங்கியது.

வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களின் பெயரும் இதிலிருந்து வந்ததா?

ஆம்; அறபியில் 'பர்பர்' என்ற வடிவத்தின் வழியாக வந்தது. 14ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் இப்பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்: ஆப்பிரிக்காவுக்குப் படையெடுத்து வந்த ஓர் அரசன் அம்மக்களின் பேச்சைக் கேட்டுவிட்டு, 'என்ன பர்பரா இது!' என்று வியந்தானாம். கதை உண்மையாக வேண்டியதில்லை. பெயரில் ஒலி இருக்கிறது என்பதை அவரும் உணர்ந்திருந்தார் என்பதே செய்தி. ஐரோப்பியர் அக்கடற்கரையைப் 'பார்பரி' என்றழைத்தனர். ஜிப்ரால்டர் பாறையில் திரியும் குரங்குகளுக்கு இன்றும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது. அம்மக்கள் தங்களை 'அமாசிக்' என்றே அழைத்துக்கொள்கின்றனர். அவர்களுடைய மொழியை மொராக்கோ 2011இலும் அல்ஜீரியா 2016இலும் தம் அரசமைப்பில் ஆட்சிமொழியாக ஏற்றன. எனவே தமிழிலும் 'அமாசிக்' என்று எழுதுவதே முறை.

ரஷ்யத்தில் 'வர்வர்' என்று வகரத்தில் தொடங்குவது ஏன்?

இந்தக் கேள்வியின் விடை ஐரோப்பாவின் சமய வரலாற்றையே ஒரு மெய்யெழுத்தில் காட்டிவிடும். பழங்கிரேக்கத்தின் 'பீட்டா' எழுத்து, பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமப் பேரரசின் காலத்துக்குள் வகரம் போல ஒலிக்கத் தொடங்கிவிட்டது. இன்றைய கிரேக்கரும் 'வர்வரோஸ்' என்றே சொல்கின்றனர். எழுத்தையும் கிறித்தவத்தையும் பைசாந்தியத்திலிருந்து பெற்ற நாடுகளில் இச்சொல் வகரத்தோடு போய்ச் சேர்ந்தது: ரஷ்யத்திலும் உக்ரேனியத்திலும் 'வர்வர்', பல்கேரியத்திலும் செர்பியத்திலும் 'வர்வரின்'. ரோமிலிருந்து சமயத்தையும் இலத்தீன் எழுத்தையும் பெற்றவர்கள் பகரத்தோடு வைத்துக்கொண்டனர்: போலிஷில் 'பர்பஜின்ட்ஸா', செக்கில் 'பர்பர்', குரோவாசியத்தில் 'பர்பர்', ஹங்கேரியத்தில் 'பர்பார்', ஃபின்னியத்தில் 'பர்பாரி'. ஏறத்தாழ ஒரே மொழியைப் பேசும் செர்பியரும் குரோவாசியரும் இந்த ஒரு சொல்லில் எதிரெதிர்க் கரைகளில் நிற்பதைக் கவனிக்க வேண்டும்.

ரஷ்யத்தில் பாபிலோன் 'வவிலோன்' ஆனதும், பசிலியோஸ் என்ற பெயர் 'வசீலி' ஆனதும், பார்பரா என்ற புனிதை 'வர்வாரா' ஆனதும் இதே விதியால்தான். ருமேனியா இதில் ஒரு சுவையான விதிவிலக்கு: பேசுவது இலத்தீன் வழி மொழி, வழிபாடு கிழக்கு மரபு. ஆகவே அங்கே இன்று வழங்கும் பொதுச்சொல் 'பர்பர்', ஆனால் புனிதையின் பெயர் 'வர்வரா'.

ஆங்கிலத்தில் 'பார்பேரியன்', 'பார்பேரிக்', 'பார்பரஸ்' என்று மூன்று ஏன்?

மூன்றும் வெவ்வேறு காலத்தில், பிரெஞ்சின் வழியாகவும் நேரடியாக இலத்தீனிலிருந்தும் நுழைந்தவை. இன்றைய வழக்கில் முதலாவது ஆளைக் குறிக்கும் பெயர். இரண்டாவது பண்படாத, ஆனால் சில வேளைகளில் ஆரவாரமான பகட்டைக் குறிக்கும். மூன்றாவது கொடுமையைக் குறிக்கும். தமிழில் மூன்றையும் 'காட்டுமிராண்டித்தனமான' என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிடுவது சோம்பல்.

இலக்கண நூல்களில் வரும் 'பார்பரிஸ்முஸ்' என்ன?

தனிச்சொல்லில் நேரும் பிழை: எழுத்து கூடுவது, குறைவது, அசையழுத்தம் மாறுவது, அயற்சொல் கலப்பது. சொற்றொடரின் அமைப்பில் நேரும் பிழைக்கு 'சொலொயிகிஸ்முஸ்' என்று பெயர். சிற்றாசியாவின் சிலிசியப் பகுதியில் சோலோய் என்னும் ஊரில் குடியேறிய கிரேக்கர் தங்கள் மொழியைச் சிதைத்துப் பேசினர் என்ற பழியால் அது வந்ததாகப் பழையோர் கூறினர். 4ஆம் நூற்றாண்டு ஆசிரியர் டொனாட்டஸின் இலக்கணத்தில் இப்பிழைகளையும் அணிகளையும் விளக்கும் மூன்றாம் பகுதி, இடைக்காலம் முழுவதும் 'பார்பரிஸ்முஸ்' என்ற பெயரிலேயே பாடமாக வைக்கப்பட்டது. ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் இச்சொல் இன்றும் மொழிப்பிழையைக் குறித்து வழங்குகிறது. ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுத் தொலைவில் தோன்றிய பொருள், பள்ளிக்கூடத்தில் மட்டும் அதிகம் சிதையாமல் தங்கிவிட்டது.

ஸ்பானியத்தில் 'பார்பரோ' என்றால் பாராட்டா, வசையா?

இரண்டும். கொடியவன் என்ற பொருள் இருக்கவே, 'அருமை', 'பிரமாதம்' என்ற பேச்சு வழக்கும் உண்டு. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ஒருவர் சொன்ன திட்டத்துக்கு ஒப்புதலாக 'பார்பரோ!' என்பது அன்றாடப் பேச்சு. அளவு கடந்தது என்ற கருத்தே இரண்டுக்கும் நடுவில் நின்று பொருளை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோயிற்று. நம் இளைஞர் 'பயங்கரமா இருக்கு' என்று நல்ல படத்தைப் பாராட்டுவதும் அதே தடம்தான்.

கச்சேரியில் நாம் கூவும் 'பிராவோ' என்பதும் இக்குடும்பமே என்று ஒரு சாரார் கருதுகின்றனர்: பார்பருஸ் திரிந்து 'பிரபுஸ்' ஆகி, 'அடங்காத', 'முரட்டுத்தனமான' என்ற பொருளில் ஸ்பானியத்திலும் இத்தாலியத்திலும் 'பிராவோ' ஆனதென்றும், முரடன் வீரனாகவும் வீரன் வல்லவனாகவும் உயர்ந்தான் என்றும் சொல்கின்றனர். அடங்காத காளையை ஸ்பானியர் 'தோரோ பிராவோ' என்பது இதற்கு இசைவானது. மற்றொரு சாரார் 'கோணலான', 'தீய' எனப் பொருள்படும் 'பிராவுஸ்' என்ற இலத்தீன் சொல்லை (இதன் பகரம் 'பால்' என்பதில் உள்ளது போல ஒலிப்பது) காட்டுகின்றனர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆங்கிலத்தின் 'பிரேவ்' என்பதும் இதே சொல் என்பதில் மட்டும் ஐயமில்லை.

ருபார்ப் என்னும் செடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரான தொடர்பு. வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தாக ஆசியாவின் உட்பகுதிகளிலிருந்து வந்த ஒரு வேரைக் கிரேக்கர் 'ரா' என்றும் 'ரேயோன்' என்றும் அழைத்தனர். வோல்கா ஆற்றுக்கும் பழங்காலத்தில் 'ரா' என்று பெயர் இருந்ததால், ஆற்றங்கரையில் விளையும் வேருக்கு ஆற்றின் பெயரே வந்ததாக 4ஆம் நூற்றாண்டின் அம்மியானுஸ் மார்செல்லினுஸ் எழுதினார். வேர் வந்த திசையைக் கொண்டு வணிகர்கள் அதைப் பிரித்தனர்: கருங்கடற்புறத்தது ஒன்று, பார்பரர் நிலத்தது ஒன்று. செவில் நகரத்து இசிதோர் 7ஆம் நூற்றாண்டில் இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்தார். அந்த இரண்டாவது பெயரே 'ரேயுபார்பரும்' என்றாகி, இத்தாலியத்தில் 'ரபார்பரோ', ஸ்பானியத்தில் 'ருயிபார்போ', பிரெஞ்சில் 'ருபார்ப்', ஜெர்மானியத்தில் 'ரபார்பர்' எனப் பரவியது. ஆங்கிலேயர் இனிப்புப் பண்டத்தில் இட்டுச் சமைக்கும் தண்டின் பெயரில் பார்பரன் இன்னும் குடியிருக்கிறான்.

இங்கே தமிழுக்கு ஒரு நேர்த்தொடர்பு உண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'இரேவல்சின்னி' என்று விற்கும் வேர் இந்தச் செடியினத்ததே. பாரசீகத்தின் 'ரேவந்த்' என்ற சொல்லோடு சீனத்தைக் குறிக்கும் 'சீனி' சேர்ந்த பெயர் அது. கிரேக்கத்தின் ரேயோனும் அதே பாரசீகச் சொல்லிலிருந்தே பெறப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. வேர் ஒன்று, பெயரின் முற்பகுதியும் ஒன்று. கிழக்கு வணிகர்கள் விளையும் நாட்டின் பெயரைச் சொன்னார்கள். மேற்கு வணிகர்கள் 'எவனோ அயலான் நாடு' என்றதோடு விட்டுவிட்டார்கள்.

இன்னொரு தற்செயலையும் சொல்லாமல் விட மனமில்லை. மேடையில் கூட்டத்தின் முணுமுணுப்பு வேண்டுமென்றால் ஆங்கிலத் துணைநடிகர்கள் 'ருபார்ப், ருபார்ப்' என்றும் ஜெர்மானியர் 'ரபார்பர்' என்றும் திரும்பத் திரும்பச் சொல்வது நாடக மரபு. விளங்காத பேச்சின் ஒலியாகப் பிறந்த சொல், செடியின் பெயருக்குள் ஒளிந்திருந்து, மீண்டும் விளங்காத பேச்சின் ஒலியாகவே பயன்படுகிறது.

அப்படியானால் அசல் இலத்தீன் வேர் கொண்ட சொற்கள் எவை?

முதலில் காடு. 'சில்வா' என்றால் காடு; 'சில்வாத்திகுஸ்' காட்டைச் சேர்ந்தது. மக்கள் பேச்சில் அது 'சல்வாத்திகுஸ்' எனத் திரிந்து, பிரெஞ்சில் 'சொவாழ்', இத்தாலியத்தில் 'செல்வாஜோ', ஸ்பானியத்தில் 'சல்வாஹே', போர்ச்சுகீசியத்தில் 'செல்வாழெம்', ருமேனியத்தில் 'சல்பாத்திக்' ஆயிற்று. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் 'சாவேஜ்' என்று பெற்றது. தொடக்கத்தில் இது வசையன்று. காட்டுப்பூ, காட்டுப்பழம், பழக்கப்படாத விலங்கு ஆகியவற்றுக்கே முதலில் வழங்கியது. பிரெஞ்சில் இன்றும் அப்படி வழங்குகிறது. மனிதர்மீது அது ஏறி, அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடிகளைக் குறிக்கும் பொதுப்பெயரான பிறகுதான் அதன் கொடுமை முழுமை பெற்றது.

அடுத்தது நாட்டுப்புறம். 'பாகுஸ்' என்பது ஊர்ப்புறப் பகுதி. அங்கே வாழ்பவன் 'பாகானுஸ்'. படைவீரர் வழக்கில் இது படையில் சேராத குடிமகனையும் குறித்தது. 4ஆம் நூற்றாண்டில் கிறித்தவர்கள் தம் சமயம் சாராதவர்களை இப்பெயரால் அழைக்கலாயினர். நாட்டுப்புறத்தில் பழைய வழிபாடு நெடுங்காலம் நீடித்ததால் வந்ததா, 'கிறிஸ்துவின் படையில் சேராதவன்' என்ற கருத்தில் வந்ததா என்பதில் அறிஞர் இருபிரிவாக உள்ளனர். பிரெஞ்சின் 'பையேன்', ஹங்கேரியத்தின் 'போகான்', போலிஷின் 'போகானின்' எல்லாம் இதன் வழியினவே. ரஷ்யத்தில் 'போகனி' என்றால் 'அருவருப்பான' என்று பொருள். நச்சுக்காளானுக்கு அங்கே 'பகான்கா' என்று பெயர். அதே பாகுஸ் வேரில் பிறந்த மற்றொரு கிளை பிரெஞ்சில் நாட்டைக் குறிக்கும் 'பேயி', உழவரைக் குறிக்கும் 'பேய்சான்' ஆகியவற்றைத் தந்தது. ஒரே ஊர்ப்புறம் ஒரு கிளையில் நச்சுக்காளானாகவும் மற்றொரு கிளையில் தாய்நாடாகவும் முடிந்திருக்கிறது.

'வில்லா' என்னும் பண்ணை வீட்டைச் சேர்ந்த 'வில்லானுஸ்' ஆங்கிலத்திலும் நம் திரைப்படங்களிலும் 'வில்லன்' ஆனது பலருக்கும் தெரிந்ததே.

இவற்றின் எதிர்முனையில் நிற்பது 'சிவிஸ்' என்ற நகரக் குடிமகன். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சில் எழுந்த 'சிவிலிசாசியோன்' அவன் வழியில் வந்தது. 'நகர'த்திலிருந்து வந்த 'நாகரிகம்' என்ற சொல்லை அதற்கு இணையாக வைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பார்பரர் எனப்பட்ட ஜெர்மானியர்கள் ரோமரை எப்படி அழைத்தனர்?

சளைக்கவில்லை. தங்களுக்கு அண்டையில் வாழ்ந்த வோல்கே என்ற கெல்டிய இனத்தின் பெயரை, எல்லா அயலாருக்கும் பொதுப்பெயராக்கினர். பின்னர் அது குறிப்பாக இலத்தீன் பேசுவோரையும் கெல்டியரையும் சுட்டியது. பிரிட்டனில் 'வேல்ஸ்' என்ற பெயரிலும், 'கார்ன்வால்' என்பதன் ஈற்றிலும், பெல்ஜியத்தின் 'வலூன்' மக்களின் பெயரிலும், ருமேனியாவின் 'வலாக்கியா'விலும், ஆங்கிலத்தில் அக்ரோட்டுக்கு வழங்கும் 'வால்நட்' என்பதிலும் உள்ளது அதே சொல். போலிஷ் மொழியில் இத்தாலி நாட்டின் பெயர் 'வ்வோகி'. ரோம் நகரமே இன்னொருவர் அகராதியில் அயலான் ஊராகப் பதிவாகியிருக்கிறது. ஜெர்மானியத்தில் குழறல் பேச்சை 'கௌடர்வெல்ஷ்' என்பர். அதன் பின்பாதி இதுவே.

ஸ்லாவியர் தம் பங்குக்கு ஜெர்மானியரை 'ஊமை' என்றனர். ரஷ்யத்தின் 'நேமெட்ஸ்', போலிஷின் 'நியேம்ட்ஸி' ஆகியவை பேச்சற்றவனைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. அச்சொல் ஹங்கேரியத்துக்கு 'நேமெத்' என்று போனது; அறபியில் ஆஸ்திரியாவின் பெயரே 'அன்-நம்ஸா'. கடைசியாகக் கிரேக்கர்களும் தப்பவில்லை: விளங்காத பேச்சை ஸ்பானியர் 'கிரேக்கம்' என்று அழைத்த வழக்கிலிருந்தே, அயலாரைக் குறிக்கும் 'கிரிங்கோ' உண்டானது என்பது பெரும்பான்மையோர் ஏற்கும் விளக்கம்.

'பார்பருஸ்' என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்ட அரசுகள் உண்டா?

உண்டு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் எழுதப்பட்ட, பிராங்கியர் என்னும் ஜெர்மானிய இனத்தாரின் சாலிக் சட்டம், 'பிராங்கியனையோ, சாலிக் சட்டப்படி வாழும் பார்பரனையோ' கொன்றவனுக்குரிய தண்டத்தைக் கூறுகிறது. ரோமக் குடியைக் கொன்றால் தண்டம் அதைவிடக் குறைவு. அங்கே பார்பரன் என்பது சட்டத்தகுதி, அதுவும் உயர்ந்த தகுதி.

'வாண்டல்', 'ஹூணர்' போன்ற இனப்பெயர்களும் இதே வகையா?

விளைவு ஒன்று, வழி வேறு. கி.பி. 455இல் ரோமைச் சூறையாடிய வாண்டல்களின் பெயர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கலைச்செல்வங்கள் அழிக்கப்பட்டதைக் கண்டித்து ஆயர் கிரெகுவார் 1794இல் 'வாண்டலிஸம்' (வேண்டுமென்றே நாசமாக்குதல்) என்ற சொல்லைப் பரப்பியதால் நிலைபெற்றது. 'காத்திக்' கட்டடக்கலை என்பதும் மறுமலர்ச்சிக்கால இத்தாலியர் இகழ்ச்சியாக இட்ட பெயர்; அக்கட்டடங்களுக்கும் காத் இனத்தாருக்கும் தொடர்பில்லை. 1900இல் சீனாவுக்குச் செல்லும் படையினரிடம் ஹூணர்களைப் போல நடந்துகொள்ளும்படி கெய்சர் இரண்டாம் வில்லியம் பேசிய பேச்சு, முதல் உலகப் போரில் ஜெர்மானியரையே 'ஹூணர்' என்று பகைவர் ஏசுவதற்குக் கருவியாயிற்று.

கிரேக்கரும் ரோமரும் பழந்தமிழரின் காதில் எப்படி ஒலித்தனர்?

அயோனியர் என்ற கிரேக்கக் கிளையின் பெயரிலிருந்து வந்த 'யவனர்' என்ற சொல்லால் தமிழர் அவர்களை அறிந்திருந்தனர். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்துப் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் 'நயனில் வன்சொல் யவனர்'ப் பிணித்த செய்தியைக் கூறுகிறது. இனிமையற்ற வன்சொல் என்ற அடைமொழி, கரகரத்த பேச்சினர் என்று ஸ்ட்ராபோ கொடுத்த விளக்கத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. இம்முறை அளக்கப்பட்டவர் யவனரே. முல்லைப்பாட்டோ, பாசறையில் அரசனுக்கு அருகிருந்த அயலாரை 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்' என்கிறது: நாவால் பேசாமல் உடம்பின் சைகையால் பேசுவோர், அதாவது ஸ்லாவியர் ஜெர்மானியரைக் கண்ட அதே கண். 'மிலேச்சர்' என்ற வடசொல்லும் தெளிவற்ற பேச்சைச் சுட்டிப் பிறந்ததே.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எச்சொல்லைப் பயன்படுத்துவது?

காலத்தையும் பேசுபவரையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஹெரோடோட்டஸையோ எஸ்கிலஸையோ பெயர்க்கையில் 'கிரேக்கர் அல்லாதார்' அல்லது 'வேற்றுமொழியாளர்' என்பது பொருந்தும். பவுலின் திருமுகத்திலும் ஓவிடின் வரியிலும் 'அந்நியன்' போதும். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பும் அந்தத் திருமுகத்தில் 'அந்நியன்' என்றே கொண்டிருக்கிறது. பிற்கால ரோம வரலாற்றில் 'எல்லைப்புற இனங்கள்' என்றோ, இனத்தின் பெயரைச் சுட்டியோ எழுதலாம்; அங்கே 'பார்பரர்' என்று ஒலிபெயர்த்து, முதல்முறை வரும்போது விளக்கிவிடுவதும் நன்று. 'காட்டுமிராண்டி' என்பது காட்டைச் சொல்லுக்குள்ளேயே கொண்டிருப்பதால் சில்வாத்திகுஸ் வழிவந்த 'சாவேஜ்' வகைக்கே அது நெருங்கியது. 19ஆம் நூற்றாண்டுக் காலனிய எழுத்தில் ஆசிரியர் இகழ்ச்சியோடுதான் எழுதுகிறார் என்றால் அதையே இடலாம். அங்கே மென்மையான சொல்லைப் போடுவது மூல ஆசிரியரின் குற்றத்தை மொழிபெயர்ப்பாளர் மறைப்பதாகும்.